காரைக் கழுவிய தண்ணீர்

எங்கள் வீட்டு முருங்கைமரம் அவருடைய கார் ஷெட்டின்மேல் சாய்ந்து விழுந்த அன்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆனி மாதக் காற்று. ஷெட்டின் ஓடுகள் ஏழெட்டு நொறுங்கிக் கிடந்தன. நான் கல்லூரியிலிருந்து திரும்பி சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலில் வந்து நின்றார். பேசும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

“சார்வாள், ஷெட்டை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கணும். மரம் சாயுத பக்கமாப் பாத்துக் கட்டிட்டேன். கோளாறு நம்ம பக்கம்தான். காய்க்குத மரம் போச்சே.”

பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். பெருந்தன்மையோடு சொன்னதாகவே அன்று எனக்கு நினைப்பு.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியனாக இருந்தேன். அவர் பக்கத்து வீட்டுக்காரர், அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் அவருடைய சொந்தக்காரர்களுக்கு இன்றும் ஒரு குற்றம் நினைவுக்கு வரும். அந்தக் குற்றம் என்னுடையது. இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இல்லை.

“கோளாறு நம்ம பக்கம்தான்” என்பதை அவர் ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்வார். சோற்றில் கல் கிடந்தால், அந்தக் கடையில் அரிசி வாங்கியது அவர் தப்பு. பஸ் வராவிட்டால், முந்தின பஸ்ஸுக்கு வராதது அவர் தப்பு. அலுவலகத்தில் யாரோ ஒருவர் தொலைத்த கோப்புக்காக மூன்று மாதம் விளக்கம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மழை பெய்யாவிட்டாலும் இவருக்கு ஒரு மெமோ கொடுத்தால் போதும், வாங்கிக்கொண்டு பதில் எழுதிவிடுவார் என்று அங்கே கேலி பேசுவார்களாம். அதையும் அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். “இந்த மனுசன்கிட்ட சண்டை போடணும்னா ரெண்டு பக்கத்துக்கும் நாமளே பேசணும் போல” என்று என் மனைவி சொல்வாள்.

பணிவு என்று அதைச் சொல்ல முடியாது. பணிவு உள்ளவர்கள் தங்களைக் குறைத்துச் சொல்வார்கள். உள்ளுக்குள் அப்படி நினைக்கமாட்டார்கள். இவர் நினைத்தார். எது கெட்டுப்போனாலும் தாம் எங்கே சறுக்கினோம் என்று உண்மையாகவே தேடினார். தேடினால் ஏதாவது அகப்படத்தான் செய்யும். அகப்பட்டதும் முகத்தில் ஒரு தெளிவு வரும். இனிச் சரிசெய்துவிடலாம் என்கிற தெளிவு. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரைச் சுற்றி இருந்த எங்களுக்கெல்லாம் ஒரு சோம்பல் வந்துவிட்டது. எங்கள் தப்புகளை நாங்கள் தூக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

கார் அவருடையதல்ல. அவருடைய அண்ணன் மணிமுத்தாறு அணையில் பொறியாளராக இருந்தவர். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த சிறிய பழைய கார் ஒன்றை ஒரு தோட்டத்துரையின் குடும்பத்தாரிடமிருந்து வாங்கி, பதினைந்து வருடம் தம் கையாலேயே துடைத்து வைத்திருந்தார். வெளிர்ப்பச்சை நிறம், உருண்ட முதுகு. தெருவில் அதைத் தவளைக்கார் என்பார்கள். அண்ணன் ஒரு நாள் அணைக்குப் போகிற வழியில் ஸ்டீயரிங்கின்மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. கார் தானாகவே ஓரத்துப் புல்லில் ஏறி நின்றதாம். ஒரு கீறல் இல்லை.

அண்ணன் மனைவி, அவர் மதினி, பள்ளிக்கூடம் போகும் மகனோடு கோயம்புத்தூரில் தம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சாவியை இவர் கையில் கொடுத்து, பையன் படித்து ஒரு வேலைக்குப் போனதும் வந்து எடுத்துக்கொள்வான், அதுவரை இது உங்கள் பொறுப்பு என்றார். இவர் அதைக் கோயில் சொத்துபோலப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்து, கழுவி, துடைத்து, ஆற்றுப்பாலம்வரை ஓட்டிப் போய்த் திரும்புவார். வேறு எதற்கும் எடுத்ததில்லை. தம் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதுகூட ஆட்டோவில்தான்.

அந்தக் காரை எனக்குக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் மகளுக்கு எட்டு வயது. மஞ்சள்காமாலை வந்து பிழைத்து எழுந்திருந்தாள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு என் மனைவி வேண்டியிருந்தாள்: பிள்ளை தேறினால் தசராவுக்கு அவளுக்குக் குறத்தி வேடம் போட்டு, நாலு வீட்டில் காணிக்கை வாங்கிக் கொண்டுவந்து கோயிலில் செலுத்துகிறேன் என்று. தசரா பஸ்களில் அந்த மெலிந்த பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். அவரே சாவியோடு வந்தார்.

“பஸ்ஸுல புள்ள நசுங்கிப் போவும் சார்வாள். வண்டி சும்மாதான நிக்குது. ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே. பைய ஓட்டிட்டுப் போங்க.”

முந்தின நாள் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் காரின் நெற்றியில் காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனோம்.

குலசேகரன்பட்டினத்தில் நடக்கவும் இடமில்லை. கடலில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகவேண்டும். கடற்கரை மேட்டில் வேன்களும் லாரிகளும் அடைத்துக்கொண்டு நின்றன. ஈரமணல் கெட்டியாக இருக்கும், சக்கரம் புதையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரைத் தண்ணீர்ப் பக்கமாக இறக்கி நிறுத்தினேன். பிள்ளையை நீராட்டி, ஈரத்தோடு கோயிலுக்குத் தூக்கிப்போய், காணிக்கையைச் செலுத்திவிட்டுத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடல் ஏறியிருந்தது. நாலு சக்கரமும் பாதிக்கு மேல் மணலுக்குள் இருந்தன. அலை ஒவ்வொன்றும் கதவின் அடிவிளிம்பில் வந்து மோதி, உள்ளே போய், கொஞ்சம் உள்ளேயே தங்கியது.

எங்களைப்போல வேண்டுதலுக்கு வேடம் போட்டு வந்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். நாக்கு நீட்டிய காளி ஒருவர், போலீஸ் வேடக்காரர் ஒருவர், உடம்பெல்லாம் கரி பூசிய மூன்று பேர். போலீஸ் முன்னால் நின்று விசில் ஊதி வழி ஒதுக்கிக்கொண்டிருந்தார். காளி தம் மரக்கைகளைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, “ஏலே போலீஸு, ஊதினது போதும், பின்னால வந்து தள்ளுலே” என்று சத்தம் போட்டார். என் மகள் சிரித்தாள். நோய் வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில், கார் கிளம்பிவிட்ட சந்தோஷத்தில், ஆறுமுகநேரி தாண்டும்வரை எனக்குப் பயமே வரவில்லை.

ஆழ்வார்திருநகரியில் ஆற்றுப் பக்கம் இறங்கினேன். காரின் வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவினேன். உள்ளே கால்மிதியைத் தூக்கினால் அடியில் கடல்மணலும் தண்ணீரும் கிடந்தன. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை, மூடிய தகரப்பெட்டிபோல ஒரு பகுதி ஓடும். காரின் எடையே அதில்தான் நிற்கிறது. அதைத் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். சீட்டுகளைக் கழற்றி, தரையிலும் பெட்டிக்குள்ளும் குடம் குடமாக ஆற்றுத்தண்ணீரை விட்டு, உப்பு போகும்வரை கழுவியிருக்கவேண்டும். அப்படிக் கழுவினால் அன்று காயாது. ஈரத்தோடு கொண்டுபோய்விட்டால் என்ன ஆயிற்று என்று கேட்பார். கால்மிதிகளை மட்டும் பிழிந்து பாறையில் ஒரு மணி நேரம் காயப்போட்டேன். பெட்டியில் இருந்ததை அப்படியே விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பிள்ளையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டேன் அண்ணாச்சி என்றேன். அது தெரியாதா சார்வாள் என்றார்.

என் மனைவி அந்த வாரமே சொன்னாள். “அவுககிட்டச் சொல்லிருங்க. அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக. அதுக்காகவாவது சொல்லிருங்க.” அப்புறம் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப்பாலத்திலிருந்து திரும்பி வரும்போது, அவருடைய குதிகால் காரின் தரையைப் பொத்துக்கொண்டு வெளியே போயிற்று. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். கதவின் அடிப்பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்று தொடங்கியது. காரை நாலு மரக்கட்டைமேல் ஏற்றிவைத்தார். சீட்டுகளைக் கழற்றி வீட்டு உள்ளறையில் அடுக்கினார். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய், ஒரு சின்னச் சுத்தியல். அலுவலகம் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவார். தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், கணீரென்று கேட்கிற இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவார். மங்கலாகக் கேட்கிற இடமெல்லாம் சுரண்டவேண்டியது. துருவின்மேல் பட்டி பூசி மறைக்க அவருக்கு மனம் வராது. வெள்ளைத்தகடு தெரியும்வரை சுரண்டுவார். பல இடங்களில் வெள்ளைத்தகடு வருமுன் மறுபக்கத்து வெளிச்சம் வந்துவிடும்.

பேட்டையிலிருந்து ஒரு டிங்கர் பாய் மாதம் ஒருமுறை வந்து, வெட்டிய இடங்களில் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வார். முதல் தடவை வந்தபோது, பெட்டியிலிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்து நாக்குநுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். நானும் அங்கே இருந்தேன்.

“அண்ணாச்சி, இது நம்ம ஊருத் துரு இல்ல. கடக்கரைத் துரு. உப்பு லாரியில பாத்திருக்கேன். வண்டி கடல் பக்கம் போச்சா?”

அவர் யோசித்தார். “சார்வாள் ஒருதடவ குலசைக்குக் கொண்டுபோனாக. ஊருக்குள்ளதான விட்டிருப்பிய, சார்வாள்?”

“ஊருக்குள்ளேதான். ஒரு புளியமரத்தடியில்” என்றேன். புளியமரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கேள்வியை அவர் அத்தோடு விட்டுவிட்டார். மறுநாள் மதிலோரம் வந்தார். முகத்தில் அந்தத் தெளிவு இருந்தது. ஆற்றுக்குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத ஞாயிறுகளில் அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவியிருக்கிறார். அது உப்புக் கரிக்கும் சவர்த்தண்ணீர். “ரெண்டு குடம் ஆத்துத்தண்ணி சைக்கிள்ல கொண்டுவர மடிச்சுப்போயி போர் தண்ணிய ஊத்தியிருக்கேன் சார்வாள். அண்ணன் இருந்தா ஊத்துவாரா? கோளாறு நம்ம பக்கம்தான்.” அப்புறம் ஒன்று கேட்டார். “ஒங்க காலேஜ்ல அந்தத் தண்ணியப் பாத்துச் சொல்ல முடியுமா?”

ஆய்வகத்திலிருந்து ஒரு சோதனைக்குழாயும் சில்வர் நைட்ரேட் கரைசலும் எடுத்து வந்தேன். அவர் வீட்டு முற்றத்தில் வைத்தே செய்துகாட்டினேன். போர் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டதும் பால்போல வெளுத்தது. உப்பு இருந்தால் இப்படி வெளுக்கும் என்றேன். அது உண்மை. ஆற்றுத்தண்ணீரில் விட்டிருந்தாலும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதை நான் செய்யவில்லை. அந்தத் துருப்பொருக்கைக் கரைத்துச் சோதித்திருந்தால் குழாயில் தயிர்போலத் திரண்டிருக்கும், அதையும் செய்யவில்லை. மாணவன் ஒருவன் இப்படி ஒரு சோதனையைச் செய்துவந்து முடிவு எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் சோதனைக்குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “அப்ப இதுதான் சார்வாள்” என்றார். இருக்கலாம் என்றேன் நான். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் போர் தண்ணீரைக் காருக்கு ஒரு சொட்டுத் தொடவில்லை. கொக்கிரகுளம் படித்துறைக்குச் சைக்கிளில் போய் இரண்டு குடம், சில நாள் நாலு குடம் கொண்டுவருவார். சுரண்டிய இடத்தையெல்லாம் அந்தத் தண்ணீரால் கழுவித் துடைப்பார். “காருக்கு ஆத்துத்தண்ணி, கொழம்புக்குப் போர் தண்ணி. நல்லாருக்கு நாயம்” என்று அவர் மனைவி எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அவர் கழுவியது சரியான காரியம்தான். ஆனால் வெளியே கழுவினார். உப்பு மூடிய பெட்டிக்குள் இருந்தது. இரும்பு துருப்பிடிக்கும்போது இரும்புதான் தீரும், உப்பு தீராது. ஓரிடத்தில் வேலை முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகரும். இதை வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். பெட்டியை முழுக்கத் திறந்து உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் அண்ணாச்சி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். உள்ளே உப்பு எப்படிப் போயிற்று என்று கேட்டுவிடுவார் என்ற பயத்தில் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நானும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தெருவில் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. இடதுபக்கத் தரை முடியும்போது வலதுபக்கம் பொரியும். வலதுபக்கம் புதுத்தகடு வைத்தால், வெல்டிங் ஓரத்தில் ஆறு மாதத்தில் செம்பொட்டு தெரியும். டிங்கர் பாய் ஒருநாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “இதுல இனி வெக்கதுக்கு இரும்பு இல்ல அண்ணாச்சி. தகட்டை எதுல ஒட்டுறது? சவத்த விட்டுத்தள்ளும்” என்றார். இவர் சிரித்தார். “வேலையில கோளாறு இல்ல பாய். நான் சுரண்டினது காணாது” என்றார்.

மதினியிடமிருந்து கடிதம் வந்தது. பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, தை பிறந்ததும் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறோம் என்று. கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அந்த மார்கழி முழுவதும் அவர் சாப்பிட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஷெட்டில் நின்றுகொண்டே எதையோ விழுங்கிவிட்டு வேலை செய்தார். விரல்நுனிகளில் தோல் போயிருந்தது. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது தாளில் ரத்தம் படுகிறதென்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவர்கள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். இருக்கச் சொன்னார். மதினி உயரமான பெண்மணி. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஷெட்டுக்குப் போனார். கார் மரக்கட்டைகள்மேல் நின்றது. பாதிக்குமேல் செங்காவி ப்ரைமர். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை இல்லை, மண் தெரிந்தது. அவர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். அண்ணன் பிடித்த ஸ்டீயரிங் ஒன்றுதான் அதில் பழையபடி இருந்தது. அதன்மேல் கையை வைத்தார்.

இவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். போர் தண்ணீர், சோம்பல், இரண்டு குடம். “கோளாறு என் பக்கம்தான் மதினி. சார்வாள்கூட டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொல்லிட்டாக.”

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்படித்தானா சார்?”

ஆமாம் என்றேன்.

“வீட்டுல பங்கு கேட்டனா தம்பி, வயல்ல பங்கு கேட்டனா?” என்றார் மதினி. குரலை உயர்த்தவில்லை. “இது ஒண்ணைத்தான ஒங்க கையில குடுத்துட்டுப் போனேன். அவுகளுக்குன்னு இது ஒண்ணுதான இருந்திச்சு.”

விடுங்கம்மா, சித்தப்பா வேணும்னா செஞ்சாங்க என்று மகன் சொன்னான். நல்ல பையன். உள்ளே இலை போட்டிருந்தது. கை நனைக்காமல் இருவரும் கிளம்பிவிட்டார்கள். அந்த வருடம் அண்ணன் திதிக்கு இவரைக் கூப்பிடவில்லை. அடுத்த ஆவணியில் பையனுக்குக் கல்யாணம் நடந்ததை, வீரவநல்லூரில் உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பத்திரிகை வரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் சுரண்டிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வண்டி. கல்யாணச் செய்தி வந்த மறுநாள் பிற்பகல், எனக்கு விடுமுறை, சுத்தியல் சத்தம் கேட்டது. தட்டுவார், கேட்பார், நகர்வார். நான் எழுந்து போனேன். ஷெட்டில் அவருக்கு எதிரே ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஈரமணல், அலை, ஆழ்வார்திருநகரி, புளியமரம், சோதனைக்குழாய். ஒன்றையும் விடவில்லை.

சுத்தியலை வைத்துவிட்டுக் கம்பிப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். பிறகு, “எம்புட்டு நேரம் நின்னுச்சு?” என்றார்.

“தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் இருக்கும் அண்ணாச்சி.”

“புள்ள உள்ள இல்லையே அப்ப?”

“இல்லை. நாங்கள் கோயிலில் இருந்தோம்.”

தலையை ஆட்டினார். பிரஷ்ஷின் கம்பிகளுக்கிடையில் இருந்த துருவை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். “சாவியக் குடுத்தது நான்தான. திரும்பி வந்ததும் குனிஞ்சு அடியில ஒரு தடவ பாத்திருக்கணும்” என்றார். வழக்கமான வார்த்தைகள். ஆனால் முகத்தில் அந்தத் தெளிவு வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருந்ததுபோல இருந்தது. வரவில்லை.

மதினிக்கு இன்றே எழுதிவிடுகிறேன், நேரிலும் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

“வேண்டாம் சார்வாள். அவுகளுக்கு வெறுக்கதுக்கு ஒரு ஆளு போதும்.”

நான் எழுதவில்லை. அவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து, பல வருடங்களுக்குப் பிறகு, பகலில் படுத்துத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுவலகம் போனார், வந்தார். சைக்கிளில் குடம் தொங்கவில்லை. தம்மால் கெட்டது, தம்மால் சரியாகும் என்ற நம்பிக்கையில்தான் மூன்று வருடத்துக்கு மேலாக அந்தத் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கெடுத்தது அவரில்லை என்று ஆனபிறகு அவர் செய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை. என் பாரத்தை இறக்கிவைக்கப் போனவன், அவர் கையில் இருந்த கடைசி வேலையையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். இதை நான் முன்பே யோசித்திருக்கவேண்டும். பத்து வருடம் பக்கத்தில் இருந்து அவரைப் பார்த்தவன்.

பழைய இரும்புக்காரர்கள் வந்து காரை அங்கேயே வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று அவர் வீட்டில் இல்லை. என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. பார்த்தால் சிரிப்பார், மகளின் படிப்பைக் கேட்பார். சார்வாள் என்றுதான் கூப்பிட்டார். “கோளாறு நம்ம பக்கம்தான்” என்று மட்டும் அதன்பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சித்திரையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மதினி வந்திருந்தார். தனியாகத்தான் வந்தார். கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அந்த அம்மாள் போன மாசிவரை இருந்தார். இனி இதைப் படித்துவிட்டு என்னைக் கேட்க அவரும் இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

“சார், நீங்க பக்கத்துலயே இருந்தவுக. உண்மையச் சொல்லுங்க. கடைசி வரைக்கும் அவுக அதை நெனச்சு வருத்தப்பட்டாகளா?”

சொல்லியிருக்கலாம். கேட்டவர் எதிரில் இருந்தார், தடுத்தவர் இல்லை. என் மனைவி இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப வருத்தப்பட்டார்” என்றேன்.

அவர் புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவரே எழுந்துபோய் ஒரு இலையின் முன்னால் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அத்தனை வருடத்துக்குப் பிறகு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, படத்தின் முன்னால் நின்று, “போதும் தம்பி. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்” என்று சொல்லி விழுந்து கும்பிட்டார்.

கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவருடைய பையை நான்தான் எடுத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன். ஜன்னலோரத்தில் இடம் பிடித்து உட்காரவைத்தேன். நீங்க நல்லா இருக்கணும் சார் என்றார்.